வழக்கமான விதை

மெர்வ் டல்லக் அந்த ஓடுதளத்தின் புல்லை இன்னமும் வாரம் தவறாமல் வெட்டிக்கொண்டிருந்தார். அங்கே இனி எந்த விமானமும் இறங்கப்போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், பள்ளத்தாக்கில் எல்லோருக்கும் தெரியும். டிராக்டருக்குப் பின்னால் புல்வெட்டியை மாட்டிக்கொண்டு பாப்லர் மரங்களின் பக்கத்திலிருந்து ஓடைக்கரை வேலி வரை போவார், திரும்பி வருவார். வேலியில் ஓரிடத்தில் மட்டும் கம்பிகள் புதிதாகப் பளபளத்தன. அந்த இடத்தை நெருங்குவதற்கு முன்பே டிராக்டரை ஒடித்துத் திருப்பிவிடுவார். அதனால் அங்கே அரைவட்டமாகக் கொஞ்சம் புல் வெட்டப்படாமல் முழங்கால் உயரத்துக்கு நின்றது.

அன்று அக்டோபர் மாதத்தின் கடைசி ஞாயிறு, எங்கள் பக்கம் வசந்த காலம். மகள் ரேவின் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொல்லியிருந்தாள். விபத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்கு வருவது அதுதான் முதல் தடவை. அடுத்த வாரம் அவள் பெர்த்துக்குப் போகிறாள். அங்கே ஒரு சுரங்கக் கம்பெனியின் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. ஆஸ்திரேலியாவுக்குப் போகும் பிள்ளைகள் போய்விட்டு வருகிறோம் என்றுதான் சொல்வார்கள். யாரும் வருவதில்லை.

மெர்வ் டிராக்டரை நிறுத்திவிட்டுச் சமையலறைக்கு வந்தபோது நோலீன் உருளைக்கிழங்கு தோல் சீவிக்கொண்டிருந்தாள். அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"இன்னைக்காவது சொல்லுவியா? இல்ல, அவ ப்ளேன் ஏறினப்புறம் காத்துக்கிட்ட சொல்லப் போறியா?"

"சொல்றேன்."

"போன கிறிஸ்துமஸுக்கும் இதையேதான் சொன்னே. அந்தப் பொண்ணு ஒரு வருஷமா, தன் கையாலயே அவனைக் கொன்னுட்டோம்னு நினைச்சுட்டுத் தூங்கப் போகுது. கடல் தாண்டியும் அதைத் தூக்கிட்டுப் போகணுமா?"

"சொல்றேன்னு சொல்லிட்டேன்ல."

"பூட்ஸைக் கழட்டு. தரையெல்லாம் புல்லு."

ஓடுதளம் இருந்த இடம் முன்பு வெறும் மேய்ச்சல் நிலம்தான். ஓடைக்கு மேலே மேடை போட்டதுபோல நீளமாக, ஏறக்குறையச் சமமாகக் கிடக்கும். முன்னொரு காலத்தில் உரம் தூவும் விமானக்காரர்கள் அவசரத்துக்கு அதில் இறங்கியிருக்கிறார்கள். ரேவின் மாஸ்டர்டன் டவுனில் கம்பளி வியாபாரி ஒருவரிடம் வேலை பார்த்தபடி, அங்கிருந்த பறக்கும் கிளப்பில் சேர்ந்து லைசென்ஸ் வாங்கினாள். முதல் தடவை அப்பாவின் நிலத்தில் இறங்கியபோது நடுவிலிருந்த மேடு விமானத்தைத் தூக்கிப் போட்டது. முன்சக்கரத்தின் கால் வளைந்துவிட்டது.

"சரி பண்ணாம க்ளப் ப்ளேனை இங்க கொண்டுவரக் கூடாதுன்னு சொல்லிட்டாங்கப்பா," என்றாள். "மேடு போகணும். நடுவுல அந்தக் கோரைப் பள்ளம் காயணும். கெட்டியா, குட்டையா புல்லு இருந்தாப் போதும். அதைப் பண்ணிக் குடு, நான் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வந்து நிக்கிறேன்."

மலைச் சாலையில் காரில் வந்தால் பாதி நாள் போய்விடும். வானத்தில் வந்தால் தேநீர் கொதிப்பதற்குள் வந்துவிடலாம். மெர்வுக்கு அந்தக் கணக்கு போதுமானதாக இருந்தது. இரண்டு மகன்களும் ஏற்கெனவே நகரத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவரும் நோலீனும் வானொலியும்தான்.

அந்தக் கோடையில் அவர் பண்ணையின் மற்ற வேலைகளையெல்லாம் தள்ளிப்போட்டார். மேட்டின் மேல் மண்ணைச் சுரண்டி ஓரமாகக் குவித்தார். அடியிலிருந்த களிமண்ணை வெட்டி இறக்கினார். பிறகு மேல் மண்ணைப் பழையபடி பரப்பினார். நல்ல மண் அடியில் போய்விட்டால் புல் பிடிக்காது. கோரை முளைத்த பள்ளத்தில் ஓடைவரை வடிகால் வெட்டிக் குழாய் பதித்துச் சரளைக்கல் போட்டு மூடினார். முயல் வளைகளை ஒவ்வொன்றாகத் தோண்டி மண்ணை இடித்து அடைத்தார். பழைய டயர்களை அறுத்து வெள்ளையடித்து இரு ஓரங்களிலும் பதித்தார். நோலீன் பழைய ஆரஞ்சு நிற மழைக்கோட்டைப் பிரித்து, காற்றின் திசை காட்டும் காற்றுப்பை தைத்துக் கொடுத்தாள். கம்பத்தில் அது முதல் தடவை நிமிர்ந்தபோது, "கோட்டுக்குள்ள நான் இருந்தப்பகூட இவ்வளவு அழகா இருந்ததில்ல," என்றாள்.

இலையுதிர் காலத்தில் மண் தயாரானதும் மெர்வ் விதைக்கடை கிளாரிக்குப் போன் செய்தார்.

"எந்த எடத்துக்கு?" என்றார் கிளாரி.

"ஓடைமேட்டுக்கு. ப்ளேன் இறங்க."

"அடேயப்பா! ராணி வராங்களா?"

"ராணியவிடப் பெரிய ஆளு."

"சரி, என்ன கலவை போடட்டும்?"

"வழக்கமானதுதான்."

எங்கள் பக்கம் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். ரைப்புல்லும் வெள்ளைக் க்ளோவரும். க்ளோவர் இல்லாமல் யாரும் புல் விதைப்பதில்லை. தரையோடு படரும் அந்த மூன்றிலைக் கொடிதான் காற்றிலிருந்து சத்தை இழுத்து மண்ணில் வைக்கிறது. ஆட்டுக்குட்டி கொழுப்பதும் அதனால்தான். க்ளோவர் பிடிக்காத நிலத்தைத் தாண்டும்போது மற்ற பண்ணைக்காரர்கள் வண்டியை மெதுவாக்கிப் பார்ப்பார்கள். அந்தப் பார்வையைவிடப் பெரிய அவமானம் இங்கே கிடையாது. கிளாரி வேறு கேள்வி கேட்கவில்லை. மெர்வுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

வசந்தத்தில் உரவிமானம் வந்தபோது, ஓடுதளத்தின் மேல் இன்னும் ஒரு சுற்று சூப்பர் பாஸ்பேட் உரம் தூவச் சொன்னார். க்ளோவருக்கு அது விருந்து. இரண்டாவது தடவை வந்திறங்கிய ரேவின், "இறக்கைக்கடியில பூரா ஆட்டுப் புழுக்கைப்பா, க்ளப்புல என்னைத்தான் கழுவச் சொல்றாங்க," என்று சிரித்தபடி சொன்னாள். அவர் அன்றே வாயிற்கதவைச் சாத்தி ஆடுகளை வெளியே நிறுத்தினார். மேயும் வாய் இல்லாமல் போனதும், வெட்ட வெட்டப் புல் பின்வாங்கியது, க்ளோவர் படர்ந்தது. ஒவ்வொன்றையும் அவர் அவளுக்காகத்தான் செய்தார்.

டெரெக் பாஸ்கோ அந்த நாட்களில்தான் வர ஆரம்பித்தான். ரேவினின் சிநேகிதன். மாஸ்டர்டனில் பள்ளி ஆசிரியர். டவுன் பையன், கையில் கொப்புளம் வந்தால் எடுத்துக் காட்டுவான். ஆனால் சும்மா உட்கார மாட்டான். வாளியை எடுத்துக்கொண்டு ஓடுதளம் முழுக்கக் குனிந்து கல் பொறுக்கினான். ஒரு தடவை குனிந்தவன் அப்படியே மண்டியிட்டுவிட்டான்.

"இந்தக் க்ளோவர்ல நாலு இலை கெடைச்சா அதிர்ஷ்டம்னு சொல்லுவாங்களே, மிஸ்டர் டல்லக்?"

"மெர்வ்னு கூப்பிடு. அதிர்ஷ்டமெல்லாம் டவுன்காரங்களுக்குத்தான். எங்களுக்கு அது ஆட்டுக்கறி."

"கெடைச்சா என்ன குடுப்பீங்க?"

"பொண்ணைக் குடுக்கறேன். போ, கல்லைப் பொறுக்கு."

ரேவின் விமானத்துக்கடியில் மல்லாந்து கிடந்து எதையோ துடைத்துக்கொண்டிருந்தவள், "நான் என்ன ஆட்டுக்குட்டியா, குடுக்கறதுக்கு?" என்று அங்கிருந்தே கத்தினாள்.

டெரெக் நான்கிலையைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனாலும் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, இருவரும் சேர்ந்து ஒரு விஷயம் சொல்ல வருவதாக ரேவின் போனில் சொன்னாள். என்ன விஷயம் என்று நோலீன் கேட்கவில்லை. போனை வைத்துவிட்டு நல்ல மேசைத்துணியை எடுத்து இஸ்திரி போட்டாள்.

அன்று காலை மெர்வ் கம்பளிக்கோட்டு அணிந்துகொண்டு காற்றுப்பைக் கம்பத்தின் கீழே போய் நின்றார். கல்யாணத்துக்கும் சாவுக்கும் மட்டும் போடுகிற கோட்டு. இரவெல்லாம் வானம் தெளிவாக இருந்ததால் பனி கனமாக இறங்கியிருந்தது. ஓடுதளம் முழுக்கப் பூ. பனியும் பூவுமாக அது வெளுத்துக் கிடந்தது. தன் வாழ்நாளில் இத்தனை அடர்த்தியான க்ளோவரைத் தான் வளர்த்ததில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தபோது விமானச் சத்தம் கேட்டது.

வழக்கம்போல ரேவின் வீட்டுக்கு மேல் தாழப் பறந்து இறக்கையை ஆட்டினாள். அடுப்பில் தண்ணீர் வை என்று அர்த்தம். பாப்லர் மரங்களுக்கு அப்பால் திரும்பி, நேராக வந்தாள். மெர்வ் தொப்பியைக் கழற்றி ஆட்டினார். சக்கரங்கள் தரையைத் தொட்டபோது சத்தமே இல்லை. சரியான இடத்தில்தான் தொட்டாள். பிறகு விமானம் அவரைக் கடந்து போனது. எஞ்சின் அடங்கியிருந்தது. சக்கரங்கள் சுற்றவில்லை, இறுகி நின்றிருந்தன, ஆனாலும் விமானம் போய்க்கொண்டேயிருந்தது. மூக்கு மெல்ல ஒரு பக்கமாகத் திரும்பியது. வேலிக்கம்பிகள் அறுந்த சத்தம் முதலில் வந்தது. அப்புறம் கரைக்குக் கீழேயிருந்து மற்ற சத்தம்.

டெரெக் உட்கார்ந்திருந்த பக்கம் ஓடையின் வில்லோ மரத்தில் மோதியிருந்தது. நோலீனுக்காக அவன் மடியில் வைத்துக்கொண்டு வந்த இஞ்சி பிஸ்கட் டப்பா கற்களின் மேல் திறந்து கிடந்தது. ஆம்புலன்ஸ் வருவதற்கு முன்பே அவன் போய்விட்டான். ரேவினுக்குக் கழுத்தெலும்பும் பாதமும் முறிந்திருந்தன. அவனுடைய கையை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள். மெர்வ்தான் விரல்களைப் பிரித்தெடுத்தார்.

எல்லோரும் போன பிறகு மாலையில் அவர் தனியாக ஓடுதளத்தில் நடந்தார். சக்கரங்கள் போன வழி தெரிந்தது. இரண்டு கரும்பச்சைக் கோடுகள். மண் கிழியவில்லை, புல் பிடுங்கப்படவில்லை. இலைகள் மட்டும் நசுங்கிச் சாறு கசிந்து, ஈரச் சோப்பைத் தேய்த்ததுபோல வழவழத்துக் கிடந்தன. கோட்டின் மேல் காலை வைத்தார். பூட்ஸ் வழுக்கியது. எத்தனையோ ஈரக் காலைகளில் க்ளோவர் நிலத்தில் டிராக்டர் பக்கவாட்டில் நழுவியதை அவர் பார்த்திருக்கிறார், அதைத் திட்டியிருக்கிறார், மறந்திருக்கிறார். புல் என்றால் அவருக்குத் தின்னுவதற்கானது. பிடித்து நிறுத்துவதற்கும் புல் வேண்டும் என்று அவர் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை.

நிமிர்ந்தபோது, ஆம்புலன்ஸ்காரர்கள் திறந்துபோட்டுவிட்டுப் போன வாயிற்கதவு வழியாகச் செம்மறிகள் உள்ளே வந்துகொண்டிருந்தன. மாதக்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டவை. தலையைத் தூக்காமல் மேய்ந்தன. வேறு எந்த நாளாக இருந்தாலும் அவர் விசிலடித்திருப்பார். நாய் அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டு காத்திருந்தது. அவர் விசிலடிக்கவில்லை.

விசாரணை அதிகாரி வந்து பார்ப்பதற்குள் ஆடுகள் தளத்தை ஒட்டக் கத்தரித்துவிட்டிருந்தன. வடமேற்குக் காற்று மிச்ச ஈரத்தையும் காயவைத்திருந்தது. அவர் குதிகாலால் தரையை உதைத்துப் பார்த்தார். "அருமையான தளம்," என்றார். "இதைவிட மோசமான எடத்துல எல்லாம் தினமும் இறங்கறாங்க." மெர்வ் ஒன்றும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ரேவின், தான் வேகமாக வந்துவிட்டதாகவும், தளத்தில் பாதி தாண்டித்தான் தொட்டதாகவும் சொல்லியிருந்தாள். விமானியின் கணிப்புத் தவறு என்று முடித்துவிட்டார்கள். சாவு வீட்டில் டெரெக்கின் அம்மா, ரேவின் நீட்டிய கையைத் தொடவில்லை.

ரேவின் ஒன்றரை மணிக்கு வந்தாள். கொஞ்சம் இளைத்திருந்தாள். நடையில் லேசாகச் சாய்வு இருந்தது. மூவரும் குளிர்ந்த ஆட்டுக்கறியும் புதினாச் சாறும் உருளைக்கிழங்கும் சாப்பிட்டார்கள். பெர்த்தில் மழையே பெய்யாதாம் என்று நோலீன் சொன்னாள். அப்படியானால் துணி சீக்கிரம் காயும் என்றார் மெர்வ். ரேவின் சிரிக்க முயன்றாள். தட்டுகளை எடுக்கும்போது நோலீன் மேசைக்கடியில் மெர்வின் காலை உதைத்தாள்.

"கீழ கொஞ்சம் நடந்துட்டு வரலாமா, ரே?" என்றார்.

அவள் அம்மாவின் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

வெட்டிய புல்லின் வாசனை அடித்தது. காற்றுப்பை தொங்கிக்கொண்டிருந்தது. ஓடைப்பக்கம் போகப் போக அவள் நடை மெதுவானது. வெட்டாத அரைவட்டத்தின் விளிம்பில் இருவரும் நின்றார்கள்.

"உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"அம்மா காலை உதைச்சப்பவே தெரிஞ்சுது. அது என் கால்மேலயும் பட்டுச்சு."

மெர்வ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "நீ வேகமா வரல. தள்ளியும் தொடல. நான் பாத்துட்டுத்தானே நின்னேன். தொட வேண்டிய எடத்துலதான் தொட்டே. சக்கரம் நின்னுடுச்சு. ப்ளேன்தான் நிக்கல." பூட்ஸ் நுனியால் தரையைத் தொட்டார். "இதனாலதான். க்ளோவர். அன்னைக்கு சாயங்காலம் கால் வெச்சுப் பாத்தேன். சோப்பு மாதிரி இருந்துச்சு. நான் விதைச்சது. நான்தான் உரம் போட்டேன். நீ வேகமா வந்ததா நினைச்சுட்டிருக்கே. இல்லம்மா. உன் தப்பு இல்ல."

ரேவின் ஓடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியும்ப்பா," என்றாள்.

"என்ன தெரியும்?"

"க்ளோவர்தான்னு. மேலேர்ந்தே பாத்தேன். வீட்டைச் சுத்தறப்போ. தளம் பூராவும் வெள்ளையா இருந்துச்சு. டெரெக்கூட, 'கீழ என்ன, பனிமழையா?'ன்னு கேட்டான். 'இல்ல, எங்கப்பாவோட க்ளோவர்'னு சொன்னேன். அப்போ இன்னைக்கு நாலு இலை கெடைக்கும்னான்." குனிந்து ஒரு க்ளோவர் இலையைக் கிள்ளினாள். "ஈரமா இருந்தா க்ளோவர்மேல இறங்காதேன்னு எல்லாருக்கும்தான் சொல்லித் தராங்க. எனக்கும் சொன்னாங்க. திரும்பிப் போயிடலாம்னு நினைச்சேன். பனி காஞ்சப்புறம் மத்தியானமா வரலாம்னு."

"அப்புறம் ஏன்மா இறங்கினே?"

"நீ நின்னுட்டிருந்தியே. அந்தக் கோட்டைப் போட்டுக்கிட்டு."

பாப்லர் இலைகள் சலசலத்தன.

"விசாரணையில ஏன் சொல்லல?"

"தரை எப்படி இருந்துச்சுன்னு கேட்டாரு. நல்லா இருந்துச்சுன்னேன். ஒரு வருஷம் நீ இந்த மண்ணோட மல்லுக்கட்டியிருக்கே. காரணம் இதுதான்னு ஒருத்தர் எழுதிட்டுப் போறதை உன்னைப் படிக்க வைக்கணுமா?"

"ஆடுங்க உள்ள போச்சு, ரே. அந்த ஆள் வர்றதுக்கு முன்னாடி. மேஞ்சு தீர்த்துடுச்சு. நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். விசிலடிக்கல."

அவள் முதல் தடவையாக அவரைத் திரும்பிப் பார்த்தாள். "அப்போ ரெண்டு பேருமே பொய் சொல்லியிருக்கோம்."

"நான் ஒண்ணுமே சொல்லலியே."

"அதான்ப்பா."

அவள் கையை அவருடைய கோட்டுப் பைக்குள் நுழைத்துக்கொண்டாள், சின்ன வயதில் குளிருக்கு நுழைப்பதுபோல.

"நான் அவனோட அப்பா அம்மாவைப் போய்ப் பாக்கறேன்," என்றார் மெர்வ். "அவங்களுக்குச் சொல்லணும்."

"வேண்டாம்."

"உன்னைத் தப்பா நினைச்சுட்டிருக்காங்க."

"அவங்கம்மாவுக்குக் கோபப்பட ஒரு ஆள் வேணும். என்னை வெச்சுக்கட்டும்."

"அது நீ இல்லியே!"

"நான்தாம்ப்பா. பாத்துட்டுத்தானே இறங்கினேன்."

சொன்னால் அவளுடைய பாரம் இறங்கும் என்று ஒரு வருஷமாக நம்பியிருந்தார். வீட்டுக்குத் திரும்பி நடக்கும்போது அவள் அதே சாய்ந்த நடையில்தான் நடந்தாள்.

அவள் போன மறு வாரம் மெர்வ் டெரெக்கின் பெற்றோர் இருந்த வுட்வில்லுக்குக் காரை எடுத்தார். போகும் முன் ஓடுதளத்தின் அரைவட்டத்திலிருந்து மண்வெட்டியால் க்ளோவர்ப் பத்தை ஒன்றை மண்ணோடு பெயர்த்து வாளியில் வைத்துக்கொண்டார். நோலீன் அதைப் பார்த்தாள். "பூ வாங்கிட்டுப் போனாலாவது பரவால்ல," என்றாள். தடுக்கவில்லை.

டெரெக்கின் அப்பா ஐவன் பாஸ்கோ ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டின் முன்னால் சிறிய புல்தரை, நடுவில் சிமென்ட் பாதை. கதவைத் திறந்தவர் மெர்வை உள்ளே அழைக்கவில்லை. பாதையிலேயே நின்று பேசினார்கள். மெர்வ் மனதில் தயார் செய்து வைத்திருந்ததையெல்லாம் சொன்னார். மேடு, வடிகால், விதை, உரம், பனி. பாஸ்கோ குறுக்கே பேசாமல் கேட்டார்.

"க்ளோவரா?" என்றார் கடைசியில். "அந்த நாலு இலை அதிர்ஷ்டமா?"

"ஆமா. ஈரமா இருந்தா வழுக்கும். பிரேக் பிடிச்சாலும் நிக்காது." மெர்வ் பத்தையைச் சிமென்டின் மேல் வைத்து, தோட்டக் குழாயிலிருந்து வாளியில் தண்ணீர் பிடித்து அதன்மேல் ஊற்றினார். "கால் வெச்சுப் பாருங்க. அழுத்தித் தேய்ச்சுப் பாருங்க."

பாஸ்கோ கால் வைக்கவில்லை. அவர் காலில் செருப்பு இருந்தது. தண்ணீர் பாதையோரமாக ஓடிப் புல்தரையில் இறங்கியது. ஜன்னல் திரைக்குப் பின்னால் டெரெக்கின் அம்மா நிற்பதை மெர்வ் பார்த்தார்.

"உங்களுக்கு எத்தனை பசங்க?" என்று கேட்டார் பாஸ்கோ.

"ரெண்டு பையன். ரேவின்."

"என் பையன் அந்தப் பொண்ணு எடத்துல இருந்திருந்தா, நானும் இதையேதான் பண்ணியிருப்பேன். ஒரு வாளியத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா வந்திருப்பேன். தரை சரியில்ல, காத்து சரியில்ல, புல்லு சரியில்லன்னு ஏதாவது சொல்லியிருப்பேன்." அவர் குரலில் கோபம் இல்லை. "தளம் நல்லாருந்துச்சுன்னு பாத்தவரே எழுதியிருக்காரு. வேகமா வந்தேன்னு அந்தப் பொண்ணே சொல்லிடுச்சு. அந்த ஒரு விஷயத்துல அது நேர்மையா இருந்துச்சேன்னு நாங்க மனசத் தேத்திக்கிட்டிருக்கோம். அதையும் எடுத்துடாதீங்க, மிஸ்டர் டல்லக்."

"நான் பொய் சொல்லல."

"நீங்க அப்பன். போய்ட்டு வாங்க."

கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. மெர்வ் குனிந்து பத்தையை எடுத்து வாளியில் போட்டார். சிமென்டின் மேல் சிந்திய மண்ணைக் கையால் கூட்டி அள்ளினார். கார் புறப்படும்போது பாதையில் ஈரம் மட்டும் இருந்தது.

இலையுதிர் காலம் வந்ததும் அவர் ஓடுதளம் முழுக்கப் புல்லைக் கொல்லும் மருந்து அடித்தார். ஒரு வாரத்தில் அது மஞ்சளாகி, பிறகு காய்ந்த வைக்கோல் நிறத்துக்கு வந்தது. சாலையில் போன பண்ணைக்காரர்கள் வண்டியை மெதுவாக்கினார்கள். அவர் கிளாரிக்குப் போன் செய்தார்.

"ஓடைமேட்டுக்கு விதை வேணும்."

"அனுப்பறேன். வழக்கமானதுதானே?"

"இல்ல. வெறும் ரைப்புல்லு. க்ளோவர் வேண்டாம்."

பதிலுக்குக் கிண்டல் வரும் என்று மெர்வ் காத்திருந்தார். வரவில்லை.

"வெறும் ரை," என்றார் கிளாரி. "சரி, மெர்வ்."

விதைத்தார். பழையபடி உருளை கட்டி இழுத்தார். டயர்களுக்கு மறுபடி வெள்ளையடித்தார். இந்த முறை வேலி வரைக்கும் போனார், அரைவட்டம் எதையும் விட்டுவைக்கவில்லை.

"யாரு வந்து இறங்கப் போறாங்க?" என்று நோலீன் கேட்டாள்.

"யாரும் இல்ல."

அவள் கிழிந்துபோயிருந்த காற்றுப்பையைக் கழற்றிக் கொண்டுவரச் சொல்லி, மடித்துத் தைத்துக் கொடுத்தாள்.

குளிர்காலம் முழுக்கத் தளம் ஒரே சீராகப் பச்சையாக இருந்தது. கிளப்புக்காரர்கள் பார்த்திருந்தால் பாராட்டியிருப்பார்கள். ஆனால் க்ளோவர் விதைக்குத் தோல் கெட்டி. மண்ணுக்குள் பல வருஷம் உறங்கிக் கிடக்கும், எப்போது விழிக்கும் என்று யாரும் சொல்ல முடியாது. நவம்பரில் புல்லுக்கு நடுவே இங்கொன்றும் அங்கொன்றுமாக வெள்ளைத் தலைகள் எழுந்தன. மெர்வ் காலையில் பனி காய்வதற்கு முன்பே இறங்கிப் போவார். ஈரத்தில்தான் வேர் முழுதாக வரும். மண்டியிட்டு, கொடியை விரலால் தேடிப் பிடித்து, கணு கணுவாக இழுத்தெடுத்து, டெரெக் கல் பொறுக்கிய அதே வாளியில் போடுவார்.

ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ரேவின் பெர்த்திலிருந்து போன் செய்வாள். வெயிலைப் பற்றியும் வாடகைக்கு எடுத்த வீட்டைப் பற்றியும் சொல்வாள். எத்தனை குட்டிகள் தேறின என்று கேட்பாள். அன்று நோலீன் வாசலில் நின்று கத்திக் கூப்பிட்டபோது மெர்வ் தளத்தின் நடுவில் இருந்தார். மேடேறி வருவதற்குள் மூச்சு வாங்கியது. முழங்காலிலிருந்து தண்ணீர் சொட்டத் தரையில் நின்று போனை வாங்கினார். நோலீன் பூட்ஸைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

"ரொம்ப நேரமாச்சே, என்ன பண்ணிட்டிருந்தேப்பா?"

"களை எடுத்துட்டிருந்தேன்."

அவர் க்ளோவரைக் களை என்று சொல்லி அவள் இதுவரை கேட்டதில்லை.

"ஓடைமேட்டுலயா?"

"ஆமா."

"நெறைய இருக்கா?"

"வந்துட்டேதான் இருக்கு," என்றார் மெர்வ்.